சலவைக் கடைச் சாம்பியன்

தோற்றுப்போனவர் வீட்டு வாசலுக்கு யாரும் வருவதில்லை. ஜெயித்தால் மட்டும் நிற்க இடம் இருக்காது. எல்லா ஊரிலும் மனிதர்கள் இப்படித்தான்.

நண்டுவின் வீட்டு வாசல் இப்போது காலியாகக் கிடந்தது.

நண்டு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. குழந்தையாக இருந்தபோது மணலில் நேராக ஓடச் சொன்னால் பக்கவாட்டில் ஓடுவாள். அன்று மாமா வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. எத்தனை துவைத்தும் போகவில்லை.

துவைப்பதுதான் அவர்கள் வீட்டுத் தொழில். கீழே அப்பாவின் சலவைக் கடை, மேலே வீடு. கடையில் பெரிய பெரிய துவைக்கும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். விடுதிகளிலிருந்து வரும் போர்வையும் துண்டும் அவற்றின் வயிற்றுக்குள் கடகடவென்று உருளும். அந்த இரைச்சலில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. உப்பை எடு என்பதைக்கூடத் தெருவுக்கே அறிவிப்பது போலச் சொல்வார்கள்.

அம்மா அலைச்சறுக்கு வீராங்கனை. ஒரு பலகையின் மேல் நின்றுகொண்டு அலையோடு சறுக்கி வரவேண்டும். அதுதான் வேலை. விளையாட்டு என்று சொல்பவர்கள் ஒருமுறை விழுந்து பார்க்கட்டும்.

சிறுமியாக இருந்தபோது அவளுக்குப் பலகை வாங்க வழியில்லை. ஒருநாள் சலவைக் கடை வாசலில் நின்றிருந்த இஸ்திரி மேசையைப் பார்த்தாள். காலைக் கழற்றிப் போட்டாள். மேல்பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடினாள். கடைக்காரரின் மகன் கரை நெடுக விரட்டினான். பிடிக்க முடியவில்லை. அவன் தண்ணீர் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, அவள் அந்தப் பலகையில் எழுந்து நின்று ஒரு முழு அலையையும் சறுக்கி வந்தாள். அந்தப் பையன் கத்துவதை நிறுத்திவிட்டான்.

அவர்தான் நண்டுவின் அப்பா.

"பலகையும் கடைக்குத் திரும்பி வரல, என் புத்தியும் திரும்பி வரல," என்பார் அப்பா.

அதற்குப் பிறகு பெரிய பலகை, பெரிய அலை, பெரிய போட்டி. அம்மா விமானத்தில் போவாள், கோப்பையோடு வருவாள். உலகச் சாம்பியன் பட்டத்தை ஒருமுறை வாங்கினாள். ஏதோ அதிர்ஷ்டம் என்றார்கள். அடுத்த வருடமும் வாங்கினாள். வாயை மூடிக்கொண்டார்கள். அவளுக்குப் பணம் கொடுத்துப் போட்டிக்கு அனுப்பிய பலகைக் கம்பெனிக்காரர்கள் வந்து தெருமுனைச் சுவரில் அவள் படத்தை ஆள் உயரத்துக்கு மேல் வரைந்துவிட்டுப் போனார்கள். ஊரே அவளைச் சாம்பியன் என்று கூப்பிட்டது.

ஊர் கூப்பிடுவதை நம்பக் கூடாது. இந்த வருடம் அது நன்றாகத் தெரிந்துபோயிற்று.

அலைச்சறுக்குப் போட்டியில் ஒரு சட்டம் உண்டு. கடலில் இரண்டு பேர் காத்திருப்பார்கள். நல்ல அலை வந்தால் இரண்டு பேரும் பாய்ந்துவிடக் கூடாது. யாருக்கு முறையோ அவர்தான் எடுக்கலாம். அவர் எடுத்து முடித்ததும் முறை மற்றவருக்குப் போகும். முறை தவறிக் குறுக்கே போனால் மதிப்பெண்ணை வெட்டிவிடுவார்கள். இப்போது யாருக்கு முறை, யார் முன்னால் இருக்கிறார், எல்லாவற்றையும் கரையில் ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அம்மா முறை தவறிக் குறுக்கே போனாள். ஏதோ ஒரு போட்டியில் இல்லை. போன இடமெல்லாம் போனாள், போன இடமெல்லாம் தோற்றாள்.

அவளுக்குத் தலைக்கனம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். தோற்கப் பயந்து அடுத்தவர் அலையைத் திருடுகிறாள் என்றும் எழுதினார்கள். எழுதியவர்களில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியாது.

அம்மாவுக்குப் பயிற்சி கொடுப்பவர் அவளுடைய தம்பி. நண்டுவுக்கு மாமா. அவருக்கே மனசு விட்டுப்போயிருந்தது.

"நான் கரையில நின்னு தொண்டை கிழியக் கத்தறேன் மச்சான். அக்கா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது," என்று அப்பாவிடம் சொன்னார். "என்னை எதுக்கு வெச்சிருக்கு? எனக்குப் பதிலா ஒரு பொம்மையை நிக்க வெச்சுட்டுப் போகலாம்."

"பொம்மைன்னா சாப்பாட்டுச் செலவாவது மிச்சம்," என்றார் அப்பா. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

வருடத்தின் கடைசிப் போட்டி அவர்கள் ஊர்க் கடலிலேயே நடக்க இருந்தது. முதல் சுற்றில் ஜெயித்தால் அடுத்த வருடமும் அம்மா உலகப் போட்டிகளுக்குப் போகலாம். தோற்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். அவள் வயதில் ஒருமுறை எடுத்த பெயரை யாரும் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். அம்மாவுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

அவள் நாள் முழுவதும் பின்னறையில் உட்கார்ந்திருந்தாள். பலகையில் கால் வழுக்காமல் இருக்க மெழுகு பூசுவார்கள். அம்மா பழைய மெழுகைச் சுரண்டி எடுப்பாள். புது மெழுகு பூசுவாள். சற்று நேரம் அதையே வெறித்துப் பார்ப்பாள். மறுபடியும் சுரண்டுவாள்.

நண்டு கதவருகே நின்று கூப்பிட்டாள். "அம்மா."

பதில் இல்லை.

"அம்மா, சாப்பிட வா."

அம்மாவின் முதுகு அசையவில்லை.

நண்டு தினமும் கூப்பிட்டாள். தினமும் இதே கதைதான். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவு செய்தாள். துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். அங்கே அழுதால் யாருக்கும் கேட்காது. அது ஒன்றுதான் அந்த இடத்தில் வசதி.

ஒருநாள் மதியம் அவள் பின்னறைப் பக்கம் தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு போனாள். கால் இடறியது. அத்தனை தட்டும் தரையில் விழுந்து உருண்டன. கீழே கடையிலிருந்து அப்பா, "என்ன விழுந்துச்சு, வீடா?" என்று கத்தினார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

அம்மா திரும்பவில்லை. பலகையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

நண்டு தட்டுகளைப் பொறுக்கவில்லை. அப்படியே நின்றாள். கோபமாக இருப்பவர்கள்கூடத் தட்டு விழுந்தால் திடுக்கிடுவார்கள். அது தானாக வரும். வேண்டாம் என்றாலும் வரும்.

அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அம்மா, நான் இன்னைக்குப் பல் தேய்க்கல," என்றாள்.

பதில் இல்லை.

"நேத்தும் தேய்க்கல."

பதில் இல்லை.

"உன் பெரிய கோப்பையில தவளை வளர்க்கறேன். அது குட்டி போட்டிருக்கு."

பதில் இல்லை. உலகத்தில் எந்த அம்மாவும் இதற்குச் சும்மா இருக்க மாட்டாள்.

நண்டு சுற்றிக்கொண்டு போய் முன்னால் உட்கார்ந்தாள். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தாள். "எப்ப வந்தே?" என்றாள். அவள் கண் நண்டுவின் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டையே பார்த்தது.

நண்டு சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். "உனக்குக் காது கேக்கலையா?"

"கேக்குதே. ஏன் கேக்காம?" என்றாள் அம்மா.

"நான் இப்போ சத்தமே போடலம்மா. வாயை மட்டும்தான் அசைச்சேன்."

அம்மாவின் கையிலிருந்த மெழுகுக் கட்டி கீழே விழுந்தது. அவள் குனிந்து அதை எடுத்தாள். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வருஷக்கணக்கா குளிர்ந்த தண்ணியிலயும் காத்துலயும் கிடந்தா காதுக்குள்ள எலும்பு வளரும்டி," என்றாள். "கொஞ்சம் கொஞ்சமா ஓட்டையை அடைச்சிடும். எங்க தொழில்ல நிறையப் பேருக்கு இருக்கு. எனக்கு ரொம்ப அதிகம்."

"அதனாலதான் முறை தவறிப் போனியா?"

"ஒலிபெருக்கி கேக்கலை. யார் முறைன்னு காட்ட கரையில வண்ண அட்டை வெச்சிருப்பாங்க. வெயில் எதிர்ல அடிச்சா அதுவும் தெரியாது. என் முறைதான்னு நெனச்சுப் போனேன்."

"டாக்டர்கிட்ட போகலாம்."

"போனேன், வெளியூர்ல. எலும்பைச் செதுக்கி எடுக்கணும்னார். அப்புறம் பல மாசம் தண்ணிப் பக்கமே போகக் கூடாதாம். பல மாசம் போகலைன்னா என் இடத்துல வேற ஆள் வந்துடும். கம்பெனியும் கைவிட்டுடும்."

"மாமாகிட்டயாவது சொல்லும்மா. அவர் உனக்குத் தலைக்கனம்னு நெனைக்கிறார்."

"நெனைச்சுக்கட்டும். அவனுக்குத் தெரிஞ்சா என்னைக் கடல்ல இறங்க விடமாட்டான்." அம்மா நண்டுவின் கையைப் பிடித்தாள். "இந்த ஒரு போட்டி மட்டும். இது முடியட்டும். யார்கிட்டயும் சொல்லாதே."

நண்டுவுக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் அம்மா அழுது அவள் பார்த்ததில்லை. அலையில் விழுந்து தோள் இறங்கியபோதுகூட அம்மா அழவில்லை. இப்போது அழுகை வருகிற இடத்தில் இருந்தாள். நண்டு யோசித்தாள்.

"காது கேக்கலைன்னா என்ன? கண்ணு தெரியும்ல?" என்றாள். "நான் கரையில நிக்கறேன்."

கடைக்குப் போனாள். விடுதியிலிருந்து வந்த சிவப்பு மேசைவிரிப்பு ஒன்றையும் வெள்ளைப் போர்வை ஒன்றையும் கொண்டுவந்தாள். சிவப்பை உயர்த்தினால் அம்மா முறை. வெள்ளையை உயர்த்தினால் மற்றவர் முறை, அலையைத் தொடக் கூடாது. இரண்டையும் சேர்த்து உயர்த்தினால் அம்மா முன்னால் இருக்கிறாள். கரையிலிருந்து சைகை காட்டுவது தப்பு இல்லை. எல்லாப் பயிற்சியாளர்களும் காட்டுவார்கள்.

மொட்டைமாடியில் நண்டு, தெருக்கோடியில் அம்மா. அப்படி நின்று பழகினார்கள். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். "துணி காயப்போடறதுக்கு இவ்வளவு வேகமா ஆட்டணுமா?" என்று கேட்டார். நண்டு ஆமாம் என்றாள்.

போட்டி நாள் வந்தது. கரை நிறையக் கூட்டம். தோற்பதைப் பார்க்கவும் ஜனங்கள் வருவார்கள்.

அம்மாவை எதிர்த்து இறங்கியவள் ஓர் இளம்பெண். அவளை மின்னல் என்பார்கள். நல்ல பெண்தான். அம்மாவின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து வளர்ந்தவள். அதற்காகத் தோற்றுக்கொடுப்பாளா என்ன?

நண்டு கருங்கல் தடுப்பின் மேல் ஏறி நின்றாள். "இது என்னடி, துணிமூட்டையோட?" என்றார் மாமா.

"அம்மாவுக்கு உற்சாகம் கொடுக்க."

"நான் கத்தியே உங்கம்மாவுக்கு உற்சாகம் வரலை. உன் மேசைவிரிப்பைப் பாத்தா வரப்போகுது."

ஹாரன் ஊதியது. சுற்று தொடங்கியது.

வெள்ளை. அம்மா அசையவில்லை. மின்னல் அலையை எடுத்துச் சறுக்கிக்கொண்டு போனாள். சிவப்பு. அம்மா குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளினாள், எழுந்தாள், அலையின் சுவரில் கோடு கிழித்தது போல் போனாள். கூட்டம் ஓவென்றது. மறுபடி வெள்ளை. அம்மா மின்னலுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். மறுபடி சிவப்பு. இந்த வருடத்தில் முதல்முறையாக அம்மா ஒரு தடவைகூட முறை தவறவில்லை.

மாமா கத்துவதை நிறுத்திவிட்டார். அவர் கடலைப் பார்த்தார். பிறகு நண்டுவின் கையைப் பார்த்தார். மறுபடி கடலைப் பார்த்தார்.

நண்டு இரண்டு துணியையும் சேர்த்து உயர்த்தினாள். அம்மா முன்னால் இருந்தாள். தோள் வலித்தது. ஈரக்காற்றில் துணிகள் கனத்தன. அவள் இறக்கவில்லை.

பிறகு மின்னல் ஓர் அலையை எடுத்தாள். அன்றைக்கு வந்ததிலேயே பெரிய அலை அதுதான். அதை எப்படிச் சறுக்க வேண்டுமோ அப்படிச் சறுக்கினாள். மதிப்பெண் வந்தது. அம்மா கொஞ்சம் பின்னால் போய்விட்டாள். மிகக் கொஞ்சம்தான்.

நண்டு வெள்ளையைக் கீழே போட்டுவிட்டுச் சிவப்பை உயர்த்தினாள். முறை அம்மாவுக்கு. நேரமும் இருந்தது. ஓர் அலை போதும். பெரிய அலைகூட வேண்டாம், சுமாரான அலை போதும். அம்மா தூக்கத்தில்கூடச் செய்கிற வேலை அது.

அம்மா கையைத் தூக்கிக் காட்டினாள். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். கரைக்கு முதுகைக் காட்டிப் பலகையில் உட்கார்ந்தாள். அலைக்குக் காத்திருப்பவர்கள் கரையைப் பார்ப்பதில்லை.

அலை வரவில்லை.

கடல் அப்படியே படுத்துவிட்டது. காற்று நின்றது. துவைத்து இஸ்திரி போட்ட போர்வை மாதிரி நீர் ஒரு மடிப்பும் இல்லாமல் கிடந்தது. அம்மா தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மின்னலும் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"வா," என்றாள் நண்டு பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒண்ணே ஒண்ணு அனுப்பு."

கடலுக்குக் காது கிடையாது.

ஹாரன் ஊதியது. சுற்று முடிந்தது. அம்மா தோற்றுவிட்டாள்.

மின்னல் பலகையில் படுத்து, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் கரைக்குத் திரும்பினாள். அம்மா திரும்பவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வராத அலைக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கியில் சொன்னார்கள். "சுற்று முடிந்துவிட்டது. கரைக்கு வரவும்." மறுபடி சொன்னார்கள். அம்மா காத்திருந்தாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் போதும், பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றிக்கொள்ளும். "தோல்வியை ஒத்துக்க மாட்டாங்க போல," என்றது ஒரு குரல்.

நண்டு கையிலிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள். வெள்ளைத் துணியைப் பார்த்தாள். முடிந்துவிட்டது என்று சொல்ல அவளிடம் துணி இல்லை. அதற்கு ஒரு சைகை வேண்டும் என்று அம்மாவுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

மாமா அவள் பக்கத்தில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"காதா?" என்றார்.

நண்டு தலையாட்டினாள்.

"எவ்வளவு நாளா?"

"ரொம்ப நாளா."

மாமா மணலில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் யாருடைய முதுகைப் பார்த்துக் கத்தினோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

மீட்புப் பணியாளர் ஒருவர் நீர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். "நான் போய்க் கூட்டிட்டு வர்றேன். கையில மைக் இருக்கு, கிட்டப் போய்ச் சொல்லிடறேன்."

நண்டு தடுப்பிலிருந்து குதித்தாள். "வேண்டாம் அண்ணா. நான் போறேன்."

"நீயா? சின்னப் பொண்ணு நீ."

"கடல் அமைதியாத்தானே இருக்கு. எனக்கு நீந்தத் தெரியும்." அவள் மாமாவின் பயிற்சிப் பலகையை ஏற்கெனவே இழுக்கத் தொடங்கியிருந்தாள். "மைக்ல சொன்னா ஊருக்குத்தான் கேக்கும், அம்மாவுக்குக் கேக்காது. அவங்களுக்கு எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

பணியாளர் மாமாவைப் பார்த்தார். மாமா முகத்தை மூடிய கையை எடுக்காமலே தலையை மட்டும் ஆட்டினார்.

"சரி, போ. நான் கொஞ்சம் பின்னாலயே வர்றேன்," என்றார் பணியாளர்.

நண்டு பலகையில் குப்புறப் படுத்து இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. கரையில் இருந்து பார்த்தால் அருகில் தெரிகிற அம்மா, போகப் போக அங்கேயே இருந்தாள். சிரிப்புச் சத்தம் பின்னால் தேய்ந்தது.

அம்மாவின் முதுகு பக்கத்தில் வந்தது. நண்டு கூப்பிடவில்லை. சுற்றிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் போனாள். அங்கே பலகையில் எழுந்து உட்கார்ந்தாள்.

அம்மா திடுக்கிட்டாள். "நீ எங்கடி இங்க வந்தே? சுற்று நடக்குது, போ."

நண்டு அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். உதடு நடுங்கினால் அம்மாவால் படிக்க முடியாது. நடுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

"முடிஞ்சு போச்சும்மா," என்றாள்.

அம்மா அவள் வாயையே பார்த்தாள். சரியாகப் படிக்கவில்லை என்று நினைத்தவள் போல இருந்தாள். நண்டு மறுபடியும் சொல்லவில்லை. ஒருமுறைதான் சொல்ல முடிந்தது.

"எப்போ?"

"கொஞ்ச நேரம் ஆச்சு."

"அலை வரலையே."

"வரல."

அம்மா பலகையைப் பார்த்தாள். அதில் பூசிய மெழுகை நகத்தால் கீறினாள். "அப்போ நான் இவ்வளவு நேரம் சும்மாவா உட்கார்ந்திருந்தேன்? எல்லாரும் பாத்துக்கிட்டா இருந்தாங்க?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கைதட்டினார்கள் என்றும் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குக் கேட்கவா போகிறது? ஆனால் கேட்காதவர்களிடம் பொய் சொல்வது மிகவும் கேவலம் என்று நண்டுவுக்குத் தோன்றியது.

"பாத்தாங்க. சில பேர் சிரிச்சாங்க. மாமா அழறார்."

"அவனா? எதுக்கு?"

"தெரிஞ்சுடுச்சு."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள்ளிருந்து நீர் வந்தது. கடலில் அழுதால் ஒரு சௌகரியம், எது எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்க முடியாது. நண்டு தன் பலகையை அம்மாவின் பலகையோடு ஒட்டி நிறுத்தி, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது தூரத்தில் நீர் எழும்பியது. ஓர் அலை வந்தது. அழகான அலை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் அம்மாவின் வாழ்க்கையே வேறு. இப்போது வந்து யாருக்கு என்ன?

அம்மா அதைப் பார்த்தாள். கை தானாகத் தண்ணீரைத் தொட்டது. பிறகு எடுத்துவிட்டாள். அலை இரண்டு பேரையும் மெதுவாக உயரத் தூக்கியது, மெதுவாக இறக்கியது, கரைக்குப் போய் யாரும் இல்லாமல் உடைந்தது.

"வா, கரைக்குப் போகலாம்," என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. பெயரை எடுத்தார்கள். கம்பெனிக்காரர்கள் தெருமுனைச் சுவருக்கு ஆள் அனுப்பி, அம்மாவின் படத்தின் மேல் வெள்ளையடித்து மின்னலின் படத்தை வரைந்தார்கள். அது நன்றாகவே இருந்தது. அதுதான் நண்டுவுக்கு இன்னும் வருத்தம்.

அம்மா காது டாக்டரிடம் போனாள். நண்டுவும் கூடப் போனாள். எலும்பைச் செதுக்கினார்கள். கட்டுப் போட்டார்கள். தண்ணீரில் இறங்கக் கூடாது, தலையில்கூட ஊற்றக் கூடாது என்றார்கள். உலகச் சாம்பியன் சலவைக் கடையில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்தாள். எல்லாம் கோணலாக வந்தன. அப்பா அவள் பார்க்காதபோது எடுத்து மறுபடி மடித்து வைத்தார்.

துணி கொண்டுவரும் சிலர் உற்றுப் பார்ப்பார்கள். "நீங்க அந்தச் சாம்பியன்தானே?" என்பார்கள்.

"இருந்தேன்," என்பாள் அம்மா. சாயங்காலம் மாடிக்குப் போய்க் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். நண்டுவும் பக்கத்தில் போய் அதே மாதிரி நிற்பாள். பார்க்க ஒன்றும் இல்லை, எதிர்வீட்டுச் சுவர்தான் இருந்தது. இருவரும் அதைப் பார்ப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை டாக்டர் காதிலிருந்து கடைசிப் பஞ்சை எடுத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டாள்.

மறுநாள் கடைக்கு விடுமுறை. இயந்திரங்கள் ஓடவில்லை. எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமாவும் வந்திருந்தார். அந்த நாளுக்குப் பிறகு அவர் அக்காவிடம் குரலை உயர்த்துவதே இல்லை. கேட்கிறதா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். நிறுத்தினாள். தலையைச் சாய்த்து அப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள் அம்மா. "இத்தனை வருஷமா இப்படித்தான் சாப்பிடறீங்களா?"

அப்பா நிமிர்ந்தார். "எப்படி?"

"குதிரை கொள்ளு மெல்ற மாதிரி."

அப்பாவின் வாய் அப்படியே நின்றது. மாமா புரையேறி இருமினார். அம்மா அவர் பக்கம் திரும்பி, "நீயும்தான்டா. ரெண்டு பேரும் சேர்ந்தா கடையில மெஷின் ஓடுற மாதிரி இருக்கு," என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பெரிய சிரிப்பு இல்லை, சுமாரான சிரிப்பு.

அது போதும் என்று நண்டு நினைத்தாள். தட்டிலிருந்து ஒரு வெள்ளரித் துண்டை எடுத்தாள். தன்னால் எவ்வளவு சத்தமாக முடியுமோ அவ்வளவு சத்தமாகக் கடித்தாள்.